பதினேழாம் நம்பர் கட்டில்

முதல் லிஸ்ட்டில் ஜெயக்கொடியின் பெயர் இல்லை. அது ஒட்டப்பட்ட அன்றே சின்னாத்தா வீட்டிலிருந்து ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், இந்த வருஷம் காலேஜ் கிடையாது என்று. சோழவந்தானுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளியிருந்த ஊர் அது. அவள் அப்பா நல்லகாமன் வயலில் நின்றபடியே சேதியைக் கேட்டுக்கொண்டு, "சரி, விடுங்க. அவ சின்னாத்தா வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வரட்டும்" என்று சொன்னாராம்.

சின்னாத்தா என்பது அவள் அம்மாவின் தங்கை ஒச்சம்மாள். சமயநல்லூரில் வீடு. ஜெயக்கொடி ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே இருந்தாள். இன்னொரு லிஸ்ட் போடுவார்கள் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி மதுரைக்குப் போய் காலேஜ் பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்பதாவது நாள், ஒரு திங்கட்கிழமை, இரண்டாவது லிஸ்ட் வந்தது. கடைசியிலிருந்து நாலாவது பெயர் அவளுடையது. அன்று மாலைக்குள் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து சொன்னாள். சின்னாத்தாவின் புருஷன் தவசி லாரி டிரைவர். நல்லவேளையாக அன்று வீட்டில் இருந்தார். ஒரு தகரப்பெட்டியில் கைக்குக் கிடைத்த துணிகளைத் திணித்துக்கொண்டு மூன்று பேரும் அவசர அவசரமாகப் பஸ் ஏறினார்கள்.

எல்லாம் முடிந்து ஹாஸ்டல் வாசலில் பிரியும்போது தவசி சொன்னார். "நான் காலையில லோடு ஏத்திக்கிட்டு பெங்களூரு போறேன். ஒன் சின்னாத்தாளும் ஒரு கல்யாணத்துக்கு வெளியூருக்குக் கெளம்பிருவா. அய்யாவுக்கு நீயே ஒரு கார்டு எழுதிப் போட்டுரு, என்ன?"

"எழுதிர்றேன் சின்னய்யா."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. அவள் சேர்ந்தது பி.யூ.சி., டிகிரிக்கு முந்திய ஒரு வருஷப் படிப்பு. அவள் ஊரிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

அறையில் நாலு கட்டில். ஹாஸ்டல் முழுவதற்கும் கட்டில்களுக்கு வரிசையாக நம்பர் போட்டிருந்தார்கள். ஜெயக்கொடிக்கு வந்தது பதினேழு. பக்கத்துக் கட்டில் பட்டுவுக்கு. அவள் அப்பா விருதுநகரில் தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க். மற்ற இரண்டு பேரும் ஒரே கான்வென்ட்டில் படித்தவர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதே போதும் என்று இருந்தார்கள்.

"நீ எப்போ வந்தே?" என்று, ஊருக்குப் போய்விட்டு மறுநாள் காலையில் திரும்பிய பட்டுதான் முதலில் கேட்டாள்.

"நேத்துத்தான். எங்க சின்னய்யா கொண்டாந்து பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டாக."

கான்வென்ட்டுக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பட்டு சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை.

"பள்ளிக்கூடம் இல்லடி, காலேஜ். சேத்துவிட்டான்னா, நீ என்ன ஆட்டுக்குட்டியா, பிடிச்சுண்டு வந்து பட்டியில விடறதுக்கு? அட்மிட் ஆயிட்டேன்னு சொல்லு. இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா."

"அட்மிட் ஆயிட்டேன்" என்று ஜெயக்கொடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

அன்றைக்கே முதல் இங்கிலீஷ் வகுப்பு. லெக்சரர் ஒவ்வொருத்தியாக எழுப்பி, பெயரையும் எப்போது காலேஜில் சேர்ந்தாய் என்பதையும் இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். ஜெயக்கொடி தன் முறை வருவதற்குள் வாக்கியத்தை ஏழெட்டுத் தடவை மனதுக்குள் கட்டி வைத்திருந்தாள்.

"ஐ ஆம் ஜாயின்ட் டு திஸ் காலேஜ் ஆன் மண்டே."

"'ஆம்' வேண்டாம். 'டு'வும் வேண்டாம். எங்கே, திரும்பச் சொல்லு பார்ப்போம்."

திரும்பச் சொன்னாள். 'ஆம்' போய்விட்டது. 'டு' போகவில்லை. மூன்றாவது தடவை சரியாக வந்தது. லெக்சரர் கோபப்படவில்லை, தலையசைத்துவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார். ஆனால் உட்கார்ந்தபோது ஜெயக்கொடிக்குக் காது இரண்டும் கொதித்தன. காலேஜில் சேர்ந்தேன் என்று சொல்லக்கூடத் தெரியாத தான் எதற்குக் காலேஜில் சேர்ந்தோம் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு எதைச் சொல்வதானாலும் முதலில் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அவள் வாக்கியத்தைச் சரிபார்த்து முடிப்பதற்குள் மற்றவர்களின் பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும். சாப்பாட்டு ஹாலில் "இன்னங் கொஞ்சம் வெஞ்சனம் வைங்க" என்று கேட்டாள். பரிமாறுகிற அம்மாள் பொரியலை வைத்துவிட்டுப் போனாள். எதிர் வரிசையில் யாரோ "வெஞ்சனம்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஜெயக்கொடி இரண்டாம் தடவை எதையும் கேட்கவில்லை. தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள்.

வீட்டில் அம்மாவும் அப்பாவும் தம்பிகளும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் சொல்வதும் யார் காதிலும் விழாது. அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, இருநூறு பேர் இருந்த கட்டிடத்தில் தன்னிடம் பேச ஆளில்லை என்பது உடம்புக்கே ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் மற்றவர்கள் டென்னிக்காயிட் விளையாடப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து கார்டை எடுத்தாள்.

'அன்புள்ள அய்யாவுக்கு, இங்கு நான்' என்று எழுதினாள். அடுத்து வர வேண்டிய வார்த்தை 'சௌக்கியம்'. பேனா நின்றுவிட்டது. அந்த வார்த்தையை எழுதினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. 'இங்கு நான்' என்பதை மையால் அடித்துவிட்டு மேற்கொண்டு எழுதினாள்.

'திங்கட்கிழமை மதுரையில் அட்மிட் ஆகிவிட்டேன். சின்னய்யா கூட வந்தார்கள். பெட் கொடுத்துவிட்டார்கள். பதினேழாம் நம்பர். சாப்பாடு இங்கேயே தருகிறார்கள். சனி, ஞாயிறு நாலு மணி முதல் ஆறு மணி வரை பார்க்க விடுவார்கள். நீங்கள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும். ஜெயக்கொடி.'

மேலே ஹாஸ்டல் முகவரியை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று பட்டு சொல்லியிருந்தாள். அப்படியே எழுதி வாசலில் இருந்த தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

*

வியாழக்கிழமை மத்தியானம் கார்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. நல்லகாமனுக்கும் அவர் மனைவி மாயக்காளுக்கும் எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு மலைச்சாமியைக் கூப்பிட்டார்கள். அவன் அஞ்சாவது வரை படித்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுச்சளிக்காக மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்திருந்துவிட்டு வந்தவன்.

மலைச்சாமி கார்டைப் படித்தான். பிறகு வாய்விட்டுப் படிக்காமல் இன்னொரு தடவை கண்ணால் ஓட்டினான்.

"என்னடா எழுதியிருக்கு?"

"அண்ணே, பதறாம கேளுங்க. புள்ளைய ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணியிருக்காக. பெட்டு குடுத்துட்டாகளாம். பதினேழாம் நம்பரு. நாலு மணிக்கு மேலதான் பாக்க விடுவாகளாம். என்னையும் அப்பிடித்தான் வச்சிருந்தாக."

"என்ன சீக்குன்னு போட்டிருக்கா?"

"அது போடல. மேல ஆஸ்பத்திரி பேரு இங்கிலீசுல இருக்கு, எனக்குப் படிக்க வரல. சொகமா இருக்கேன்னு எங்கயாச்சும் இருக்கான்னுதான் பாக்குறேன். அதையும் காணோம்ண்ணே. எதையோ எழுதி அடிச்சிருக்கு."

மாயக்காள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிட வைத்திருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

வழியில் சமயநல்லூரில் இறங்கிப் பார்த்தார். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "திங்கக்கெழம பொட்டியத் தூக்கிக்கிட்டு மூணு பேரும் அரக்கப் பரக்க மதுரைக்கு ஓடுனாகய்யா. என்னா ஏதுன்னு ஒரு வார்த்த சொல்லல" என்றாள். நல்லகாமன் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

பெரியாஸ்பத்திரியில் பேர் பதிகிற இடத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஜெயக்கொடி என்று யாரும் இல்லை என்றார்கள். அவர் நம்பவில்லை. இம்புட்டுக் கூட்டத்தில் ஒரு பேர் விட்டுப்போகாதா? கார்டு மடியில்தான் இருந்தது. ஆனால் மலைச்சாமி வாசித்தது மனப்பாடமாகிவிட்டதால் அதை எடுத்து யாரிடமும் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. வாசலில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, நாலு மணிக்குக் கதவைத் திறந்ததும் கூட்டத்தோடு உள்ளே போனார்.

*

சனிக்கிழமை சாயங்காலம் ஆயா வந்து, "ஜெயக்கொடி, ஒனக்கு விசிட்டர்" என்றாள்.

ஜெயக்கொடி ஓடினாள். வேப்பமரத்தடியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வேட்டி முழுக்க அழுக்கு, கண்ணெல்லாம் சிவப்பு. காலை பத்து மணிக்கே வந்துவிட்டாராம். நாலு மணிக்குத்தான் விடுவேன் என்று வாட்ச்மேன் சொன்னதால் கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒனக்கு ஒண்ணுமில்லையே தாயி?"

"எனக்கு என்னய்யா? நல்லாத்தான் இருக்கேன்."

நல்லகாமன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சுற்றிலும் பெஞ்சுகளில் நிறையக் குடும்பங்கள் இருந்தன. ஜெயக்கொடியும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவர் மடியிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். வியர்வையில் எழுத்துகள் ஊறிப் போயிருந்தன.

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பொம்பளைகள் வார்டு ஒன்று விடாமல் ஏறி இறங்கியிருக்கிறார். எல்லா வார்டிலும் பதினேழாவது கட்டிலை எண்ணிப் போய்ப் பார்த்திருக்கிறார். ராத்திரி வெளியே மரத்தடியில் படுத்திருக்கிறார். கடைசியில் இன்று காலையில் ஒரு நர்ஸ், "ரெண்டு நாளா யாரைப் பெரியவரே தேடுறீங்க?" என்று கேட்டபோதுதான் கார்டு வெளியே வந்திருக்கிறது. "இது ஆஸ்பத்திரி இல்ல. லேடீஸ் ஹாஸ்டல்னு போட்டிருக்கு. ஒங்க பொண்ணு காலேஜ்ல படிக்குது" என்று அவள்தான் வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"அட்மிட்னா காலேஜ்ல எடுத்துக்கிட்டாகன்னு அர்த்தம்யா. இங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாக."

"அப்ப, பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டாகன்னே எழுதியிருக்கலாம்லத்தா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, அது கெடக்கு. சொகமா இருக்கேன்னு ஒரு வார்த்த போட்டிருந்தாக்கூட நாங்க இம்புட்டுப் பயந்திருக்க மாட்டோம். அதை ஏன் போடல?"

 ஜெயக்கொடி தரையில் கிடந்த வேப்பங்கொட்டை ஒன்றை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பாவாடையில் விழுந்தது. நல்லகாமன் அதைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வாரியா?" என்று கேட்டார். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. நான் இருக்கேன். பொட்டிய எடு, போவோம்."

வாரேன் என்ற வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சரிபார்க்க வேண்டியதில்லை, இங்கிலீஷில் மாற்ற வேண்டியதில்லை. சொன்னால் இன்று பொழுது சாய்வதற்குள் அம்மா பக்கத்தில் இருக்கலாம். அவள் கட்டிடத்தைப் பார்த்தாள். அப்பாவின் காலைப் பார்த்தாள். செருப்பில்லாத அந்தக் கால் இரண்டு நாளில் எத்தனை படி ஏறியிருக்கும் என்று நினைத்தாள்.

"இல்லைய்யா. நான் இருந்துக்கிர்றேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்குன்னு ஒண்ணும் வாங்கியாரலத்தா. வாங்குன ரொட்டிய அங்க ஒரு புள்ளைக்குக் குடுத்துட்டேன். ஒன் வயசுதான் இருக்கும். ஒரு வார்டுல பதினேழாம் நம்பர் கட்டில்ல அதுதான் கெடந்துச்சு. கால்ல கட்டு. பாக்க ஒரு நாதி வரல."

ஆறு மணிக்கு மணி அடித்தது. கேட் வரைக்கும் போனார், திரும்பிப் பார்த்தார். "ஆத்தாகிட்டப் போய்ச் சொல்லணும். ஊரே ஒன்னைய ஆஸ்பத்திரியில கெடக்கான்னுல நெனச்சுக்கிட்டு இருக்கு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். அவர் தலை கூட்டத்தில் மறைகிற வரைக்கும் ஜெயக்கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

*

மறுநாள் ஞாயிறு. அவளைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. பட்டுவின் அம்மாவும் அப்பாவும் தூக்குச்சட்டியில் முறுக்கோடு வந்து வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயக்கொடி வார்டன் அறைக்குப் போனாள்.

"எங்களுக்கு வேண்டிய பொண்ணு ஒண்ணு பெரியாஸ்பத்திரியில அட்மிட் ஆகியிருக்கு மேடம். போய்ப் பாத்துட்டு வரணும்."

மனதுக்குள் சொல்லிப் பார்க்காமல் வந்த வார்த்தைகள் அவை. வார்டன் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்றார்.

ஏன் போகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. பாலத்தில் நடக்கும்போது பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றும் தோன்றியது. கீழே ஆற்றில் மணல்தான் ஓடியது. ஆஸ்பத்திரிக்குள் மூன்று வார்டுகளில் கேட்டு, நாலாவது வார்டில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தாள். முழங்காலுக்கு மேல் வரை மாவுக்கட்டு. தலைமாட்டில் ஒரு அலுமினியத் தம்ளர், பாதி ரொட்டி. மற்ற கட்டில்களைச் சுற்றி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரு?" என்றாள் அந்தப் பெண்.

"ஒங்களுக்கு ரொட்டி குடுத்தாரே, அவரு மக."

அந்தப் பெண் கண்ணை விரித்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீதான் ஜெயக்கொடியா? ஒனக்கு ஒண்ணுமில்லையா? அப்பாடி!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஒக்காரு, ஒக்காரு. கட்டில்லயே ஒக்காரு."

அவள் பெயர் அன்னக்கொடி. செங்கல் சூளையில் வேலை. கல் சுமந்து இறங்கும்போது பலகை சரிந்து கால் முறிந்திருக்கிறது. அம்மா இல்லை. அப்பாவும் அதே சூளையில்தான். வேலையை விட்டு அவரால் வர முடியவில்லை. கொண்டுவந்து சேர்த்ததோடு சரி, ஒரு மாதமாக யாரும் வரவில்லை.

"வியாழக்கெழம நான் போர்வையப் போத்திப் படுத்திருந்தேன்" என்றாள் அன்னக்கொடி. "யாரோ வந்து மெதுவா வெலக்குறாக. பயந்து முழிச்சேன். ஒங்கய்யா என் மூஞ்சியப் பாத்துட்டு 'நீ இல்லத்தா, நீ இல்லத்தா'ன்னு சொல்லிச் சொல்லி அழுகுறாரு. எம்மக இல்லையேன்னு அழுகுறாரா, எம்மக இல்லைன்னு சந்தோசத்துல அழுகுறாரா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. எனக்கும் அழுக வந்துருச்சு. என்னையப் பாத்து யாரும் அழுது நான் கண்டதில்ல."

அப்பா அழுது ஜெயக்கொடி பார்த்ததில்லை. நேற்றுக்கூட அவர் அழவில்லை.

"வெள்ளிக்கெழமயும் எல்லாக் கட்டிலையும் பாத்து முடிச்சுட்டு எங்கிட்டத்தான் வந்து ஒக்காந்தாரு. 'எம்மககிட்ட இப்ப யாரு ஒக்காந்திருக்காகளோ'ன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் பேசல. மணி அடிக்கிற வரைக்கும் இருந்தாரு."

ஜெயக்கொடி தான் காலேஜில் சேர்ந்ததையும் ஊரில் கார்டை வாசித்த விதத்தையும் சொன்னாள். பிறகு அன்னக்கொடி, "காலேஜா நீயி? அங்க என்னதான் செய்வாக?" என்று கேட்டாள்.

ஜெயக்கொடி சொல்ல ஆரம்பித்தாள். கட்டில் நம்பரைச் சொன்னாள். 'டு'வைச் சொன்னாள், வெஞ்சனத்தைச் சொன்னாள். கான்வென்ட்டுக்காரிகள் மாதிரி பேசிக் காட்டினாள். அன்னக்கொடிக்கு வெஞ்சனம் என்று கேட்டதில் என்ன சிரிப்பு என்று புரியவேயில்லை. "வெஞ்சனத்த வேற என்னன்னு சொல்லுவாக?" என்றாள். அந்த வாரம் முழுவதும் சேர்ந்து கிடந்த பேச்சு நிற்காமல் வந்தது. மணி அடித்து, ஆயாக்கள் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமயும் வாரேன்" என்றாள் ஜெயக்கொடி.

"வியாழக்கெழம கட்டு பிரிக்கிறாக. அன்னைக்கே போகச் சொல்லிருவாக."

"எந்த ஊருக்கு?"

"எங்க சூளை போட்டிருக்கோ அங்கதான்" என்றாள் அன்னக்கொடி. "இப்ப அங்கயே இருக்கோ, வேற எங்கிட்டும் மாத்திட்டாகளோ, தெரியல."

ஆயா வந்து தோளைத் தொட்டாள். ஜெயக்கொடி படியிறங்கி, பாலத்தைத் தாண்டி, ஆறு மணிக்கு மேல் இருபது நிமிஷம் தாமதமாக ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தாள். வார்டன் அவள் பெயரைத் தாமத நோட்டில் எழுதிக்கொண்டார். பட்டு ஒரு முறுக்கை எடுத்து நீட்டி, "எங்கேடி போயிட்டே?" என்று கேட்டாள். "ஒரு பொண்ணப் பாக்க" என்றாள் ஜெயக்கொடி. பட்டு மேலே கேட்கவில்லை. அம்மா அப்போதுதான் கிளம்பிப் போயிருந்ததால் அவள் முகமும் வீங்கியிருந்தது.

வியாழக்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஜெயக்கொடி நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டைப் பிரித்திருப்பார்கள். சூளையிலிருந்து ஆள் வந்ததோ, அன்னக்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே படியிறங்கினாளோ. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தாள். அந்தக் கட்டிலில் வயதான ஒரு அம்மாள் படுத்திருந்தாள், சுற்றிலும் மகன்கள். நர்ஸிடம் கேட்டாள். வியாழக்கிழமை தனக்கு வேலை இல்லை, தெரியாது என்றாள் நர்ஸ்.